இரண்டாவது ஸ்லாட்டில் இருந்த கரித்தூசி

என் பெயர் ஞானசெல்வி. வயது 22. தகப்பனார் பெயர் ஜெயவேல், துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை செய்கிறார். வியாசர்பாடி எம்.கே.பி. நகர் குடியிருப்பில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்துள்ளேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். ராயபுரம் கல்மண்டபம் அருகில் தவசிமுத்து என்பவர் நடத்தி வரும் டி.டி.பி. கடையில் டைப் செய்யும் வேலை பார்க்கிறேன். கடைக் கம்ப்யூட்டரிலிருந்து ரேமைத் திருடிவிட்டதாக முதலாளி கொடுத்த புகாரில், ரிப்பேர் செய்ய வந்த மொஹ்சின் என்பவர் நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறார். அது சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

நேற்று 14.6.2004 திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே ஃபேன் சுற்றியது, ஆனால் திரையில் எதுவும் வரவில்லை. நீளமாக விட்டு விட்டு பீப் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு மூன்று முறை நிறுத்திப் போட்டும் அப்படியே இருந்ததால் மொஹ்சினுக்கு போன் செய்தேன். அவர் வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்தவர். எங்கள் வரிசையில் உள்ள கடைகளுக்கெல்லாம் அவர்தான் வந்து பார்ப்பார்.

அவர் வந்து சத்தத்தைக் கேட்டார். ரேம் சரியாக ஒட்டாவிட்டால்தான் இப்படிக் கத்தும் என்று சொன்னார். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். கடைக்குள் வெளிச்சம் போதாது என்பதால் நான் டார்ச் பிடித்தேன். உள்ளே எல்லாம் கறுப்பாக இருந்தது. எங்கள் பக்கம் ஜன்னலை மூடி வைத்தாலும் துறைமுகத்து நிலக்கரித் தூள் வந்து படியும். நான் ஊதப் போனேன். அவர் தடுத்தார்.

"ஊதாத சிஸ்டர், எச்சி பட்டா போர்டு பூடும். ஹார்பர்ல எறக்குன கரி பாதி இங்கதான் கீது. எல்லாம் முடியட்டும், பிரஷ் போட்டுக்கலாம்."

ரேம் என்பது சிறிய சீப்பு போன்ற ஒரு தகடு. அதைச் சொருக போர்டில் இரண்டு நீளமான ஸ்லாட்டுகள் இருந்தன. ஒன்றில் ரேம் இருந்தது. மற்றது காலியாக இருந்தது. காலி ஸ்லாட்டின் பள்ளம் தெரியாத அளவுக்குக் கரித்தூசி நிறைந்து, மேலே கீறல் இல்லாமல் இருந்தது. டார்ச் வெளிச்சம் அதன் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு மொஹ்சின் அந்த ஒரு ரேமை எடுத்து, அதன் மஞ்சள் பற்களை என் ரப்பரால் தேய்த்தார். கடற்காற்றுக்குப் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும் என்றார். திரும்பச் சொருகிப் போட்டதும் ஒரே ஒரு பீப் கேட்டது, திரை வந்தது. தினமும் காலையில் ரேமின் அளவைக் காட்ட ஓடி நிற்கும் எண் அன்றும் அதே 128-இல்தான் நின்றது. ஆனால் அதற்குமேல் போகாமல், ஹார்டு டிஸ்க் கிடைக்கவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. அவர் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி மாட்டியும் பயனில்லை. ஒயர்தான் போயிருக்கும், வேறு வாங்கி வருகிறேன் என்று பெட்டியைத் திறந்தபடி வைத்துவிட்டு வெளியே போனார்.

அவர் இல்லாத நேரத்தில் முதலாளி வந்தார். எங்களுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பிரவுசிங் சென்டரில் போன மாதம் ரேம் திருட்டுப் போனதிலிருந்து அவருக்குப் பயம் இருந்தது. குனிந்து பெட்டிக்குள் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மொஹ்சின் ஒயருடன் உள்ளே வந்ததும் எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"ரெண்டு ஓட்டை கீது, ஒண்ணுதான் சொருகி கீது. இன்னொண்ணு எங்கடா?"

"அது மொதல்லேந்தே காலி அண்ணாத்தே. டார்ச் அடிச்சி நீயே பாரு."

முதலாளி பார்க்கவில்லை. கன்னத்தில் அடித்தார். மொஹ்சின் கையிலிருந்த ஒயர் கீழே விழுந்தது. "அது காலிதான் சார்" என்று நான் சொன்னேன். என் குரல் மெதுவாகத்தான் வரும். முதலாளி என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். நான் படிக்கட்டில் நின்றேன். கையிலிருந்த டார்ச்சை அணைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு போலீஸ் வந்து மொஹ்சினையும் பெட்டியையும் ஒரே ஆட்டோவில் கொண்டு சென்றார்கள். இன்று காலையில் அந்த வரிசையில் மூன்று கடைக்காரர்கள் ரிப்பேருக்கு வேறு ஆள் யாராவது தெரியுமா என்று என்னிடம் கேட்டார்கள்.

இங்கு வரும்முன் முதலாளி என்னிடம், "ரெண்டு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லும்மா. உள்ள பார்த்தேன் கீர்த்தேன்னு நீ இன்னாத்துக்கு மாட்டிக்கிற? வேற மாரி சொல்றதுன்னா கடை சாவிய வெச்சிட்டுப் போயிடு" என்று சொன்னார். அவர் மேல் எனக்கு விரோதம் இல்லை. அவர்தான் எனக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவர். சாவியை இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன்.

நிலைய வாசலில் மொஹ்சினின் தாயார் அஜீசுன்னிசா சாப்பாட்டுத் தூக்குடன் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது ஒருவர் ஈரத்துணியுடன் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைக்கக் குனிந்தார். துடைக்க வேண்டாம் என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன், நிறுத்தினார். 128 என்ற எண்ணை நான் தவறாக நினைவு வைத்திருப்பதாகச் சொல்லலாம். காலி ஸ்லாட்டின் தூசியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ரேம் இருந்த பள்ளத்தில் அப்படி நிறையாது. எஸ்.ஐ. சார் டார்ச் அடித்துப் பார்த்தார்.

எழுதியதை என்னிடம் கொடுத்தார்கள், முழுவதும் படித்தேன். அதில் "பெட்டிக்குள் நான் பார்க்கவில்லை" என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று தெரிவித்து, அதை அடித்து, "டார்ச் பிடித்திருந்தது நான்தான், பார்த்தேன்" என்று எழுதச் சொன்னேன். அடித்த இடத்தின் ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, யாவும் உண்மை.

(ஒப்பம்) ஜெ. ஞானசெல்வி
15.6.2004