பேரில்லாத கட்டுரைக்குப் பத்துக்குப் பத்து

"ஹலோ... ஆமா, நான்தான். ஆமா ஆமா, கேள்விப்பட்டேன். ஹாஸ்டல் பூரா இதே பேச்சுதானே... வாழ்த்துக்கள்டி. மனசாரத்தான் சொல்றேன்... குரலுக்கென்ன? நல்லாத்தான் இருக்கு."

நல்லாவே இல்லை. விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து சட்டாம்பிள்ளை வயிறெரிந்துகொண்டிருந்தாள். எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால் அவளுக்கு அந்தப் பேர். நீதி, அரசு, கொள்கை என்று பல நாட்டு மாணவர்கள் கூடிப் பேசும் மாநாட்டுக்குக் கல்லூரியிலிருந்து ஒரே ஓர் ஆள். அதுவும் யார்? கல்லூரிப் பேச்சு மன்றத்தில் வாயே திறக்காத ஊமைக்கோட்டான், இவளுடைய அறைத்தோழி! அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனவள் அங்கிருந்துதான் பேசுகிறாள்.

"நீ எதுக்கு மன்னிப்பு கேக்குற?... ஆமா, மூணு வருஷமா தொண்டை கிழியக் கத்தினது நான்தான். அதுக்கென்ன இப்ப?... அய்யோ, எனக்கென்னடி பொறாமை!... சரி, பொறாமைதான். பத்திக்கிட்டு எரியுது. போதுமா?... குறுக்க பேசாத. கடல் முழுங்குற தீவுங்களைப் பத்திக் கட்டுரை எழுதினேன். கண்ணு பூத்துப்போச்சு. நீ அப்படி என்னத்தக் கிழிச்ச?... என்னது, சொல்லக் கூடாதுன்னு விதியா? விதியைப் போட்டதே நான், எனக்கே பாடம் நடத்துறியா?"

உண்மைதான். மாநாட்டுக்கு ஆளெடுக்க வைத்த போட்டிக் கட்டுரையில் பேர் இருக்கக் கூடாது, எண் மட்டுந்தான். ஒருத்தர் எழுதியதற்கு மற்றவர்கள் மார்க் போட வேண்டும். இல்லையென்றால் வேண்டப்பட்டவர்தான் போவார் என்று ஆசிரியையிடம் மல்லுக்கட்டி வாங்கிய விதி அது.

"உனக்கு எவ அள்ளிப் போட்டாளோ மார்க்கு... ஆமா, சந்தேகந்தான். யாரையாவது கையில போட்டிருப்ப... ஏய், அழறியா? சும்மா சொன்னேன்டி. ஏய், அழாதன்னு சொல்றேன்ல... ம்... ம்... எந்தக் கட்டுரை? நாலாம் நம்பரா? படிச்சேனே. ஜாமீன் கட்ட வழியில்லாம, விசாரணையும் வராம, ஜெயில்லயே கிடக்கறவங்களைப் பத்தினது. ஒருத்தர் வெளிய வந்து நிக்கிறப்ப, அவர் பெத்த பொண்ணே 'இவரு யாரும்மா'ன்னு கேக்குமே... அப்பப்பா! அன்னிக்கு நான் சாப்பிடவே போகல. அந்த எழுத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். மத்தவங்களுக்கு எல்லாம் ஏழு மார்க்கைத் தாண்டல. எழுதினது யாரோ பெரிய... என்ன?

என்ன சொன்ன?

நீயா?... இரு... மேடமே சொன்னாங்களா?... அரை மார்க்குலயா ஜெயிச்ச? அப்போ என் பத்து இல்லன்னா நீ..."

அந்தப் பக்கம் ஊமைக்கோட்டான் விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

"வேணாம்டி, நன்றி எல்லாம் சொல்லாத... நிறுத்து. நிறுத்துன்னு சொல்றேன்ல... நல்ல மனசா? எனக்கா? கேளு. அது உன்னோடதுன்னு தெரிஞ்சிருந்தா ஆறுதான் போட்டிருப்பேன்."

பதில் வருவதற்குள் அவளே போனைக் கட் பண்ணிவிட்டாள்.