வாயை அடைத்த பெட்டி

தி.நகர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு மாமாவும் மாமியும். வீட்டுப் பாட்டு, போட்டோவெல்லாம் சேமிக்கும் ஹார்டு டிஸ்க் பெட்டி மாமியின் மடியில். ரிப்பேருக்குப் போகிறார்கள்.

“பாவம், அது விடாம கத்தித்து. நீங்கதான் வாயை அடைச்சேள்.”

“பீப் சத்தத்தை நிறுத்துங்கோன்னு நீதானே உயிரை வாங்கினே? செட்டிங்ஸ்ல போய் நிறுத்தினேன்.”

“ஏன் கத்தறதுன்னு பாக்க வேண்டாமா? இப்போ கடகடங்கறது, ஒண்ணும் திறக்கலை. எங்க பாட்டு டீச்சர் பாடினது அத்தனையும் இதுலதானே இருக்கு! அவா உயிரோட இருந்தாலாவது திரும்பப் பாடச் சொல்லலாம்.”

“பதறாதே. இன்னொரு காப்பி போட்டு வச்சிருக்கேன்.”

“எங்கே?”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இதுக்குள்ளேயேதான். வேற ஃபோல்டர்ல.”

வேகத்தடை வந்தது. மாமி பெட்டியை இரண்டு கையாலும் மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார்.