கடிதத்தின் கீழ்ப்பாதி

பெயரும் விலாசமும் மேலே கண்டபடி சரி. வயது எழுபத்தெட்டு. எண்பது என்று எழுதியிருந்ததை என் முன்னிலையில் அடித்துத் திருத்தினார்கள். கணவர் இல்லை. கான்வென்டில் படித்தவள், இதை நானே வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுவேன்.

என் கணவரின் சாவுக்குக் காரணமானவரை நான் மன்னித்துவிட்டதாகவும், அதனால் இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றதாகவும் கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். முன்னது உண்மை. பின்னது பொய்.

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு, காலைத் திருப்பலி முடிந்ததும் என் கணவர் கோயிலின் இரும்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் எங்கள் பங்குப் பேரவையின் செயலாளர் கைப்பேசியில் பேசியபடியே காரைப் பின்னால் எடுத்து, அவரைக் கதவோடு சேர்த்து இடித்தார். நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். அதன் பிறகு செயலாளர் இறங்கி, முதலில் காரின் பின்விளக்கைப் பார்த்தார். அதன் பிறகே கீழே பார்த்தார். பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று அங்கேயே சொல்ல ஆரம்பித்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவரும் அவர் மனைவியும் பங்குத்தந்தையை அழைத்துக்கொண்டு வந்தார்கள். செயலாளர் என் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு நாற்காலியைக் காட்டினேன்.

“இவருக்குத் தூக்கமே இல்ல ஆன்ட்டி,” என்றார் மனைவி.

“என் வீட்டுக்காரருக்கு அந்தக் கஷ்டம் இல்லம்மா.”

“மன்னிக்கிறதுதானேம்மா நம்ம விசுவாசம்?” என்றார் பங்குத்தந்தை.

“நான் ஒண்ணுமே செய்யலன்னு ஒருத்தன் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தா, எதை ஃபாதர் மன்னிப்பீங்க?” என்று கேட்டேன். அவர் காப்பியைக் குடித்தார்.

அதன் பிறகு, எழுதித் தருகிறேன் என்றேன். ஒரே தாளில் இரண்டு பத்திகள். செயலாளரை ஆண்டவர் முன்னிலையில் மன்னிக்கிறேன் என்பது முதலாவது. அதை எழுதுவதற்குள் பேனாவை மூன்று முறை மூடி வைத்தேன். அவர் கார் இடித்துத்தான் என் கணவர் இறந்தார், நான் கண்ணால் பார்த்தேன், புகார் நிற்கும் என்பது இரண்டாவது. எங்கள் கான்வென்ட் கன்னியர் பழக்கியபடி ஒவ்வொரு பத்தியின் அருகிலும் கையெழுத்திட்டுப் பங்குத்தந்தையிடம் கொடுத்தேன்.

சென்ற ஞாயிறு பூசையில் பங்குத்தந்தை முதல் பத்தியை மட்டும் வாசித்தார். கை தட்டினார்கள். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. மறுநாள் நான் இந்த நிலையத்துக்கு வந்தபோது என் புகாரை முடித்துவிட்டதாகச் சொல்லி, அதற்கு ஆதாரமாக என் கடிதத்தைக் காட்டினார்கள். பாதித் தாள்தான் இருந்தது. கீழே கத்தரித்திருந்தார்கள். அதையும் நேராகக் கத்தரிக்கத் தெரியவில்லை.

எதை எழுதினாலும் அடியில் கார்பன் தாள் வைப்பது என் வழக்கம். முழு நகலையும் இத்துடன் ஒப்படைத்துள்ளேன்.

மன்னித்தது மன்னித்ததுதான், அந்தக் கத்தரிக்கோலையும் சேர்த்து மன்னிக்கிறேன். அது எனக்கு இடப்பட்ட கட்டளை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லும்படி எனக்கு எந்தக் கட்டளையும் இல்லை.

மேலே உள்ளதை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தேன். நான் சொன்னதுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு பத்தியின் அருகிலும் கையெழுத்திட்டுள்ளேன்.

என் புகார் மறுபடி விசாரணைக்கு எடுக்கப்பட்டதா இல்லையா என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.