காட்டுக் கலாசாரம்

இருங்கோ அக்கா, எழும்பாதேங்கோ. கோயில் கன்ரீனில தோசையைப் பாதியில விட்டிட்டுப் போனால் பாக்கிற சனம் என்ன நினைக்கும்? சட்னி சரியில்லை எண்டு நினைக்கும். பாவம், சமைச்ச ஆக்கள். வடிவா இருந்து சாப்பிடுங்கோ. உங்கட மகனும் என்ர மகளும் இன்னொருக்காச் சுத்திக் கும்பிட்டிட்டு வாறமெண்டு மேல கோயிலுக்குப் போயிட்டுதுகள், இப்போதைக்கு வராதுகள். மெல்பேர்னில இருந்து சிட்னிக்குப் பிளேன் ஏறி, இந்த ஹெலன்ஸ்பர்க் கோயில் வரைக்கும் பொம்பிளை பாக்க வந்திட்டு, பொம்பிளையின்ர தாயோட ஒரு பிளேன்ரீ குடிக்காமல் போறதோ?

ஓம், காளான்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லையே. ஆர் சொன்னது? சந்திரகலாவோ? கை கழுவுற இடத்தில வைச்சோ? அதுதானே பாத்தன், சிரிச்சுக்கொண்டு கை கழுவப் போன மனுசி திரும்பி வரேக்க முகம் ஏன் இப்பிடி இருக்கு எண்டு. சந்திரகலா நல்ல மனுசி. ஆனா ஒரு கதை அவவின்ர வாய்க்குள்ள போனால் உப்புப் புளி போடாமல் வெளியில வராது. என்ன சொன்னவ, போதைக் காளான் வளர்த்து விக்கிற பிள்ளை எண்டோ? விக்கிறது எண்டதுதான் அவ போட்ட புளி. மிச்சம் உண்மை.

ஐயோ, கதிரையைத் தள்ளாதேங்கோ. நான் முழுக்கச் சொல்லுறன். கேட்டுப்போட்டு என்ர மிருணாளினி வேண்டாமெண்டால் வேண்டாம், நானே உங்களைக் காரில கொண்டுபோய் எயார்போட்டில விடுறன். சரியோ?

இதில பெரிய பகிடி என்னெண்டால், முதல்ல எனக்கே அவவின்ர வேலை விளங்கேல்லை. யூனிவேர்சிட்டியில வேலை கிடைச்ச அண்டைக்கு வந்து, அம்மா, வைல்ட் கல்ச்சர்ஸ் பாக்கிறதுதான் என்ர வேலை எண்டவ. கல்ச்சர் எண்டால் எங்களுக்கு என்ன? கலாசாரம். நாங்கள் இருக்கிற நார்த்மீட் முழுக்கச் சொல்லிப்போட்டன், மகள் கலாசார ஆராய்ச்சி எண்டு. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமோ! இங்க பிறந்த பிள்ளை, தமிழ் வாசிக்கச் சொன்னால் தலையிடி எண்டு படுக்கிற பிள்ளை, கலாசாரத்தை ஆராயுதாம்.

எங்கட சங்கச் செயலாளர் சடகோபன் இருக்கிறாரல்லோ, தமிழ்நாட்டுக்காரர், ஆரைப் பிடிச்சு மேடையில ஏத்தலாமெண்டு திரியிற மனுசன். ஆமாம்மா, நம்ம கலாசார விழாவுல பொண்ணு பேசட்டும்மா எண்டார். நோட்டீஸ் அடிச்சாச்சு. காட்டுக் கலாசாரம், சிறப்புரை மிருணாளினி. அவவும் சனம் சயன்ஸ் கேக்க ஆசைப்படுது எண்டு நினைச்சு லாப்ரொப்பையும் தூக்கிக்கொண்டு வந்திட்டா. எல்லாரும் பட்டுச் சீலையும் வேட்டியுமா இருக்கினம். குத்துவிளக்கு எரியுது. முதல் படம் வருது. பாத்தால் இந்தப் பெரிய பிறவுண் காளான்!

சிரிக்கிறியளே! சிரியுங்கோ. எனக்கு அண்டைக்குச் சிரிப்பு வரேல்லை, கதிரைக்குக் கீழ போய் ஒளிக்கலாமோ எண்டு இருந்தது.

ஆனா பிள்ளை விடேல்லை. அரைவாசி இங்கிலீஷ், அரைவாசி தமிழ், வெட்டி வெட்டிச் சொன்னா. கல்ச்சர் எண்டால் அவையளுக்கு உயிரோட வளர்த்து வைக்கிறது. சின்ன வட்டத் தட்டில நாங்கள் ஜெலி காய்ச்சிற கடற்பாசி இருக்கெல்லே, அது மாதிரி ஒண்டை ஊத்தி, அதில காட்டில இருந்து வந்த காளானின்ர ஒரு துண்டை வைச்சால் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பரவுமாம். ஒவ்வொரு தட்டிலயும் எழுதியிருக்கும், எந்தக் காடு, எந்த மரத்துக்குக் கீழ, ஆர் கண்டது எண்டு. நான் நினைச்சன், அட, இது நாங்கள் கலியாணத்துக்கு விசாரிக்கிற மாதிரியெல்லோ இருக்கு! நீங்களும் முதல் நாள் போனில என்ன கேட்டனியள்? எந்த ஊர், ஆற்ற ஆக்கள் எண்டுதானே?

ஓம், மயக்கிற சாமான் அதுக்குள்ள இருக்குத்தான். அதாலதான் அரசாங்கம் லைசென்ஸ் குடுத்து, பூட்டின அறைக்குள்ள வைச்சு வேலை செய்ய விடுது. ஒரு துண்டும் வெளியில வராது. நான் தாய், எனக்கே உள்ள போக விடேல்லை. வாசல் அறையில மைக்கிரஸ்கோப்பைக் கொண்டுவந்து வைச்சு, கண்ணாடிக்குள்ள, காளான் விதை மாதிரி உதிர்க்கிற பொடியை மட்டும் காட்டினவ. கத்தரிப்பூ நிறம் அக்கா, கொஞ்சம் கறுத்த கத்தரிப்பூ. நீங்கள் கட்டியிருக்கிற இந்தச் சீலை மாதிரியே. அவ்வளவு வடிவு.

ஏன் அதைப் போய்ப் பாக்கினம் எண்டு கேளுங்கோ. மழை பெய்ய இங்க வேலிக்கரை, பார்க், மரச்சீவல் போட்ட இடமெல்லாம் பிறவுண் காளான் முளைக்குது. ஒண்டு ஆளை மயக்கும். பக்கத்தில நிக்கிற மற்றது, பாத்தால் அச்சு அசல் அதேதான், ஈரலை முடிச்சுப்போடும். அதின்ர பொடி துருப்பிடிச்ச நிறமாம். வெறும் கண்ணால பாத்து நம்பேலாது. காட்டில இருந்து வந்த ஒவ்வொரு இனமும் உயிரோட கையில இருந்தால்தானாம், இது அது, அது இது எண்டு ஒப்பிட்டுச் சொல்லலாம்.

அண்டைக்கு விழாவில இதைச் சொல்லேக்க சனம் பகிடியை விட்டிட்டுது. பிறகு கேள்வி நேரம். ஒரு அங்கிள் இதில பிரட்டல் கறி வைக்கலாமோ எண்டு கேட்டார், அவரை விடுங்கோ. கடைசி வரிசையில ஒரு பெடியன் எழும்பினான். ஆரோ சிநேகிதனோட சாப்பாட்டுக்கு வந்தவன் போல. டொக்டராம். இரவு வேலையில ஒரு மனுசனைக் கொண்டுவந்தவையாம், என்ன காளான் சாப்பிட்டது எண்டு சொல்ல அங்க ஒருத்தரும் இல்லையாம். தெரிய வரேக்கப் பிந்திப் போச்சாம். ஆற்றயோ பிள்ளை, மெலிஞ்சு போய், நித்திரை இல்லாத முகம். நான்தான் ஒரு தட்டில புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக் குடுத்தன். இருந்து சாப்பிட்டு, மகளோட கதைச்சு, மண்டபம் பூட்ட வந்த ஆள் லைட்டை நிப்பாட்டிற மட்டும் கதைச்சான்.

சரி, நீங்கள் சொல்லுறதும் விளங்குது. ஒரே மகன், கஷ்டப்பட்டு டொக்டருக்குப் படிப்பிச்சனியள், தகப்பன் இல்லாத பிள்ளை. உங்கட பயம் நியாயம். மகனுக்குச் சிட்னியில பெரிய ஆஸ்பத்திரியில வேலை, கட்டின மனுசி காளான் லாப்பில எண்டு தெரிஞ்சால் ஆஸ்பத்திரியில என்ன நினைப்பினம் எண்டு கேக்கிறியள்.

ஒண்டும் நினைக்க மாட்டினம் அக்கா. அந்த ஆஸ்பத்திரியில உங்கட பிரதீப்குமாரை ஒருத்தருக்கும் தெரியாதே.

தண்ணி குடியுங்கோ. அவர் அங்க வேலை செய்யேல்லை. சிட்னிக்கு மாறி வந்ததே அந்த லாப்புக்குத்தான். அண்டைக்கு மெல்பேர்னில இருந்து சிநேகிதனைப் பாக்க வந்து, என்ர கையால புட்டுச் சாப்பிட்ட பெடியன் வேற ஆரெண்டு நினைச்சனியள்? டொக்டர் பட்டம் அப்பிடியேதான் இருக்கு, ஒருத்தரும் பறிக்கேல்லை. ஆனா இப்ப அவர் பாக்கிறது தட்டுகளை. என்ர மகள்தான் அவருக்கு வேலை பழக்கிறவ. உங்களிட்டச் சொல்லப் பயத்தில பிள்ளை எத்தினை தரம் போனை எடுத்து எடுத்து வைச்சிருக்கு எண்டு எனக்குத் தெரியும், எங்கட குசினியில இருந்துதான் எடுத்து வைச்சது. அன்ரி, நீங்களே அம்மாட்டச் சொல்லுங்கோ எண்டு கும்பிட்டவர். சுத்திக் கும்பிடுறன் எண்டு மேல போனதும் அதுக்குத்தான். இவ்வளவு நேரம் ஆர் அக்கா கோயில் சுத்துவினம்?

நல்லா நித்திரை கொள்ளுறார் இப்ப. முகத்தைப் பாத்தனியள்தானே? காலமை எயார்போட்டில கட்டிப்பிடிச்சிட்டு, பிள்ளை தெளிஞ்சு போனான் எண்டு நீங்கள்தானே சொன்னனியள்.

அங்க பாருங்கோ, படியில இறங்கி வருதுகள். இப்ப சொல்லுங்கோ அக்கா. காளான் வேலை செய்யிற பிள்ளை வேண்டாமெண்டுதானே எழும்பினனியள்? அது சரி. ஆனா அந்த ரெண்டு பிள்ளையளில எந்தப் பிள்ளை எண்டு மட்டும் வடிவாச் சொல்லிப்போட்டு எழும்புங்கோ.