‘கம்மியாவும்’ என்று மட்டுமே சொன்ன நர்சம்மாவுக்கு

கல்வராயன் மலையடிவாரத்து மகளிர்க்கு மருந்தோடு மனத்துணிவும் தந்த மாதரசியே! முப்பதாண்டு கிராம சுகாதாரச் செவிலியராய்ப் பணிபுரிந்து இன்று ஓய்வு பெறும் மலர்விழி அம்மையீர்! வணக்கம்.

தையல் இயந்திரத்தின் முன்னே நாளெல்லாம் அமர்ந்திருந்த பெண்களை விடியலில் வீதிக்கு அழைத்த வித்தகரே! நாள்தோறும் வேகமாக நடந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறையலாம் என்றீர்கள். வேலையின்றி நடப்பவளை ஊர் ஒரு மாதிரி பார்க்குமே என்று அவர்கள் தயங்க, ஆளுக்கொரு காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். குழாய் வீட்டுக்குள் வந்த பிறகும் குடத்தோடு போகும் கூட்டத்தைக் கண்டு ஊரே குழம்பியது!

அப்படி முன்வரிசையில் நடந்த தையல்காரர் தைலம்மாளுக்கே மார்பில் கட்டி வந்தது. தாமதியாமல் மருத்துவரிடம் காட்டச் செய்து, அறுவை முடியும்வரை அருகிருந்தீர்கள். ஊரோ, “நடந்தவளுக்கே வந்துட்ச்சி, நாம இன்னாத்துக்கு நடக்கணும்?” என்று குடங்களை இறக்கி வைத்துவிட்டது. சாத்திய கதவுகளைக் கடந்து, எவரையும் நொந்துகொள்ளாமல், நீங்கள் மட்டும் நடந்தீர்கள். ஏன் என்று கேட்டோம். “நான் நின்னுட்டா, சொன்னது பொய்யின்னு ஆயிடுங்க” என்றீர்கள். தூரத்தில் தனியே போகும் உங்கள் வெள்ளைச் சேலையைப் பார்க்கையில் எங்களுக்கு நெஞ்சு வலிக்கும்.

உடல் தேறிய தைலம்மாள் ஒருநாள் எழுந்து வந்தார். வாசலில் நின்று சிரித்தவர்களிடம், “நர்சம்மா கம்மியாவும்னுதான சொன்னாங்க, வராதுன்னா சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டு உங்களோடு சேர்ந்துகொண்டார். வேறு எவரும் வரவில்லை. அன்றுமுதல் இருவராகவே நடந்தீர்கள்.

உள்ளதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாத உத்தமரே! ஊசி போடும்போதும் அப்படித்தான். வலிக்காது என்று எந்தக் குழந்தையிடமும் நீங்கள் சொன்னதில்லை. கொஞ்சம் வலிக்கும் என்பீர்கள், அதற்கே அவை அழுகையை நிறுத்தும்.

ஆளில்லாத திருநாவலூர் வீட்டுக்கு நாளை திரும்புகிறீர்கள். இம்மடல் எழுதுகையில் தைலம்மாள் வந்து அருகில் நின்றார். “அவங்க அங்க தனியா நடப்பாங்க, நான் இங்க தனியா நடப்பேன். அதையும் எழுதுங்க” என்றார். எழுதிவிட்டோம்.

நீடு வாழ்க என்பதே இவ்விடத்து வழக்கம். தனியாக நீடு வாழ்க என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நோயின்றி வாழ்க! பக்கத்தில் நடக்க ஒருவர் வாய்க்க வாழ்க!

பிரிய மனமில்லாத,
துணை சுகாதார நிலையப் பணியாளர்கள்