வானுக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்கள்

வான் வண்டிக்குப் பின்னால் சைக்கிள் கட்டுவதற்கு நைலோன் கயிறு சரிவராது. வழுக்கும். பழைய டியூப்பை நீளமாகக் கீறி, இழுத்துச் சுற்றினால்தான் ஆட்டமில்லாமல் நிற்கும். இதை ஜெயந்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நோர்வேயில் இதற்கென்றே பட்டிகள் விற்கிறார்களாம்.

ஜெயந்தா என் சித்தியின் மகள். சின்ன வயதில் எங்கள் ஊர் நாரந்தனையை விட்டுப் போனவள், 2005ஆம் ஆண்டின் கடைசியில் திரும்பி வந்தாள். கொழும்பில் சாரதியோடு ஒரு வானை வாடகைக்கு எடுத்திருந்தாள். உள்ளே மடக்குக் கட்டில், காஸ் அடுப்பு, சின்ன அலுமாரி. பின்னால் இரும்புத் தாங்கியில் சிவப்பொன்று நீலமொன்றாக இரண்டு கியர் சைக்கிள்கள். வானை எங்கள் வளவுக்குள் விட்டு அதற்குள்ளேயே படுத்தாள். எங்கள் வீட்டில் நுளம்பு என்றாள். உண்மைதான். எனக்கும் கடித்தது. நான் அங்கேதான் படுத்தேன்.

கடலுக்குப் போகிற எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவள் நான். எடுத்துவிட்டு வீட்டில் கருவாடு காயப்போட்டேன். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை, ஏனென்றால் றஜீபன் இருந்தார். ஊர்காவற்றுறைக்காரர், என்னோடு படித்தவர். கம்பஸ் முடிய என்னைத் தன் சைக்கிள் கரியரில் ஏற்றி பஸ் நிலையத்தில் இறக்கிவிடுகிறவர். "ஒரு வேலை கிடைக்கட்டும், உம்மட வீட்டில வந்து கதைக்கிறன்" என்று சொன்னவர். ஜெயந்தாவுக்கு இடங்கள் காட்ட ஆள் தேவைப்பட்டபோது அவரைக் கூப்பிட்டதும் நான்தான்.

முதலில் சாட்டிக் கடற்கரைக்குப் போனோம். பின்னால் தொங்கிய சைக்கிள்கள் வானின் இலக்கத் தகட்டை மறைத்தன. சோதனைகள் திரும்ப இறுகிய காலம் அது. இலக்கம் தெரியாத வாகனம் கடற்படையின் சோதனைச் சாவடியை நெருங்குவது நல்லதல்ல. அதனால் சாவடிக்குச் சற்று முன்னால் றஜீபன் சைக்கிள்களைக் கழற்றினார். வானை முன்னே விட்டு, நானும் அவரும் ஆளுக்கொன்றாக உருட்டிக்கொண்டு நடந்தோம். ஜெயந்தா வானுக்குள் இருந்தபடியே வெளிநாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டினாள். சாவடியில் நின்றவர் இரண்டு சைக்கிள்களையும் தூக்கித் தூக்கி நிலத்தில் குத்தினார்.

"அந்த அண்ணை ஏன் சைக்கிளைக் குத்துறார்?" என்று ஜெயந்தா பிறகு கேட்டாள்.

"குழாய்க்குள்ள ஏதும் கிலுங்குதோ எண்டு பாக்கிறார்."

"கிலுங்கினால்?"

"கிலுங்கினால் என்ன, உருட்டினவன்ர கதை முடிஞ்சுது" என்றார் றஜீபன்.

"ஐயோ, நீங்கள் கவனமா இருங்கோ" என்று அவள் அவருடைய கையைப் பிடித்தாள். நானும் உருட்டியவள்தான்.

சாட்டியில் எனக்கு அந்தச் சைக்கிள் ஓடவில்லை. கியர் மாறும்போதெல்லாம் சங்கிலி கழன்றது. "அஞ்சலாக்கா, டிகிறி எடுத்தும் கியர் மாத்தத் தெரியேல்லையே!" என்று ஜெயந்தா சிரித்தாள். அவள் கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் அவரும் சிரித்தார். பிறகு அவர்கள் இருவரும் கரையோரமாக ஓடிப் போனார்கள். நான் வானில் இருந்து தேத்தண்ணி வைத்தேன். காஸ் அடுப்பு நல்ல அடுப்பு. அவர்கள் திரும்பி வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

திரும்பும் வழியில், சாவடியைக் கடந்து உருட்டும்போது றஜீபன் சொன்னார்: "அஞ்சலா, நீர் குறை நினைக்கக்கூடாது. ஜெயந்தா என்னை அங்க எடுக்கிறன் எண்டு சொல்லுறா."

"என்னெண்டு எடுப்பாள்?"

"கலியாணம் கட்டித்தான். இங்க எனக்கு என்ன இருக்கு, சொல்லும்?"

நல்லது என்றேன்.

மழைக்காலத்தில் எங்கள் வளவில் துப்பாக்கி ரவைகள் மேலே வரும். பழைய சண்டைகளில் விழுந்தவை. சாவடியில் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கே எடுத்தாய் என்பார்கள். ஆகவே அம்மா அவற்றை ஒரு மீன் ரின்னில் போட்டுக் குசினிக்குப் பின்னால் வைத்திருந்தார். அன்று பின்னேரம் ஜெயந்தா குளித்துக்கொண்டிருந்தபோது அதிலிருந்து ஒன்றை எடுத்தேன். ஜெயந்தா ஓடுகிற சிவப்புச் சைக்கிளின் ஆசனம் சாவி இல்லாமல் கையாலேயே கழன்றது. ரவையைக் குழாய்க்குள் போட்டு ஆசனத்தைத் திரும்பப் பூட்டினேன். அடுத்த நாள் அவர்கள் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து படகில் சைக்கிள்களோடு நெடுந்தீவுக்குப் போவதாக இருந்தது. காலையில் சைக்கிள்களை நானே கட்டினேன். டியூப்பை இறுக்கி, துளியும் ஆடாமல் கட்டினேன். வழியிலேயே கிலுங்கிவிடக் கூடாது.

மத்தியானம் ஆகுமுன்னரே வான் திரும்பி வந்தது. தாங்கி வெறுமையாக இருந்தது. ஜெயந்தா மட்டும் இறங்கினாள். பிறகு சொன்னாள்: "என்ர சைக்கிள் எண்டு கத்தினனான் அக்கா. பாஸ்போட்டையும் காட்டினனான். அவர்தான் இல்லை, இது என்ர எண்டு சொன்னவர்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அப்படியொரு பொய்யை அவர் எனக்காக ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கே சாவடிக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபத்தில் போகவில்லை. பிறகு போவதில் பயன் இருக்கவில்லை. அவர் அங்கே இல்லை என்றார்கள்.

இதுவரை யாராவது கேட்டிருந்தால், ஜெயந்தாவைப் பயப்படுத்தித் திருப்பி அனுப்பத்தான் செய்தேன், அவளுடைய சைக்கிளில்தானே போட்டேன் என்று சொல்லியிருப்பேன். அது சரியில்லை. ரவையை எடுப்பதற்கு முன் ஒரு கதை நடந்தது. "அக்கா, நாளைக்கு நீங்கள் வீட்டில இருந்து றெஸ்ற் எடுங்கோ" என்று ஜெயந்தா சொன்னாள். அப்போது நான் றஜீபனிடம் கேட்டேன்:

"அப்ப சாவடியில சைக்கிளை ஆர் உருட்டுறது?"

"ரெண்டையும் நான்தான். ரெண்டு கை இருக்குத்தானே" என்றார்.

எந்தச் சைக்கிளில் போட்டாலும் உருட்டப்போவது அவர்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

இப்போது 2009. சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். றஜீபனைத் தேடி, அவருடைய தாய் றோசம்மாவைக் கூட்டிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறவள் நான். படித்தவள், எனக்குக் கதைக்கத் தெரியும். அவருடைய படத்தை நான்தான் கையில் பிடித்திருப்பேன். "ஆர் பிள்ளை இது?" என்று யாராவது கேட்டால், "என்ர மருமகள்" என்று றோசம்மா சொல்லுவார். நான் மறுப்பதில்லை. ஜெயந்தா போன வருஷம் ஒஸ்லோவில் வேறொருவரைக் கலியாணம் கட்டிவிட்டாள். றஜீபன் சொன்ன அந்தப் பொய்க்கு அவள் காட்டிய நன்றி அவ்வளவுதான்.

அவருக்காக இன்றுவரை காத்திருப்பவள் நான் ஒருத்திதான். அவர் வந்ததும் இதை யாராவது அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.