பாஸ்கலின் கார் நிற்காமல் போனதற்குக் காரணம்

ஃபாதர், இந்த முழந்தாள் பலகையின் இடது கால் ஆடுகிறது. சின்னதாக ஒரு ஆப்பு வைத்தால் போதும், அடுத்த முறை வரும்போது நானே செதுக்கி எடுத்து வருகிறேன். ஆடுகிற எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. ஆவடி ராணுவ டாங்கி பாக்டரியில் இன்ஸ்பெக்டராக இருந்தவன். டாங்கி வெளியே போகும் முன் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஓய்வு பெற்றபின் தட்டிப் பார்க்க எதுவும் கிடைப்பதில்லை. கோவில்பதாகையில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் யார் மேலும் குறையில்லை.

கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது கிறிஸ்துமஸுக்கு முன்னால். வழக்கமான சில்லறைப் பாவங்கள்தான், பழைய ஃபாதர் பாதி கேட்டுப் பாதி தூங்கினார். இன்றைக்குக் கொண்டுவந்தது பாஸ்கலின் கார் விஷயம். நீங்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபம் சொல்லி அவனுக்கு எண்ணெய் பூசினீர்கள், அதனால் அவனை அறிமுகப்படுத்த வேண்டாம். கார் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பாஸ்கலும் நானும் ஒரே பாக்டரி. ஓய்வு பெற்ற கையோடு மற்றவர்கள் மனை வாங்கினார்கள். இவன் குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பருத்திப்பட்டில் தன் வீட்டு வாசலில் இறக்கினான். சிவப்பு நிறம், கூரை கிடையாது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்து வண்டி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் இழுத்துக் கார்புரேட்டரைத் திறக்கும். காலை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் அதை மூடும். குழந்தைக்குக்கூடப் புரியும். மொத்தம் இரண்டே இருக்கை. ஒன்று பாஸ்கலுக்கு. மற்றதில் அவன் மனைவி ஞானகுமாரி உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் காற்றில் தலை கலைகிறது என்று முதல் நாளே இறங்கிவிட்டாள். அன்றிலிருந்து அது என் இருக்கை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக அவன் வீட்டுக்குப் போவேன். இருவரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது துடைப்போம், திருகுவோம், சண்டை போடுவோம். அப்புறம் ஏரியைச் சுற்றி ஒரு ஓட்டம். நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பி வந்தால் ஞானகுமாரி இலை போட்டிருப்பாள். அந்த நாட்களில் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரு நாள் பாஸ்கல் போன் செய்தான். "மச்சான், காலை எடுத்துட்டேன், வண்டி இன்னும் கத்திகினே கீது. சாவிய ஆஃப் பண்ணிதான் நிறுத்துனேன். உடனே வா."

போனேன். மிதியடி பெடலில் மாட்டவில்லை. கேபிளில் பிசிறு இல்லை. ஸ்பிரிங் நன்றாக இழுத்தது. பிறகு கார்புரேட்டருக்குப் பின்பக்கம் விரலை விட்டேன், நீல நூலில் கோத்த ஒரு சின்னப் பதக்கம் கையில் வந்தது. வேளாங்கண்ணி மாதா. ஞானகுமாரி திருவிழாவுக்குப் போனபோது வாங்கி வந்து, புருஷனுக்குக் காவலாக இருக்கட்டும் என்று அவனுக்குத் தெரியாமல் ஒரு குழாயில் கட்டியிருக்கிறாள். நூல் தளர்ந்து பதக்கம் தொங்கிவிட்டது. பெடலை ஆழமாக மிதித்தால் மாதா இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்வார். காலை எடுத்தாலும் கார்புரேட்டர் மூடாது.

பல் தேய்க்கிற நேரம்கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் பாஸ்கல் ஆயுசுக்கும் அவளைக் கிண்டல் செய்வான். அவள் மனசு நோகக் கூடாது என்று பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதோடு, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. கண்டுபிடித்தாயிற்று என்றால் கிளம்ப வேண்டியதுதானே. அதனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இது சிக்கலான கேஸ், பொறுமையாகத்தான் பார்க்க வேண்டும் என்றேன். மத்தியானம் வரை பொறுமையாகப் பார்த்தோம். அன்றைக்கு நண்டுக் குழம்பு. இதுவரை சொன்னதில் பாவம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனேன், கேட் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சம்பந்தம் எட்டிப் பார்த்து, வண்டிதான் சரியாகிவிட்டதே, புருஷனும் பெண்டாட்டியும் பூந்தமல்லிக்குக் கிளம்பிவிட்டார்கள் என்றார். ஞானகுமாரி தலைக்கு ஸ்கார்ஃப் கட்டியிருந்தாளாம். ஒரு ஸ்கார்ஃபில் தீர்கிற பிரச்சினைக்கு இத்தனை மாசம் என்னை அந்த இருக்கையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வெயிலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது, ஃபாதர். அவள் மேல் கோபம் இல்லை. என் இருக்கையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் நிதானமாக யோசித்தேன். அந்தப் பதக்கம் என்னுடையது இல்லை. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவனுக்கு மன்னிப்பு இல்லை என்று மறைக்கல்வி வகுப்பில் நமக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் எண்ணெய் பார்க்கிற சாக்கில் பானெட்டைத் திறந்து, மாதாவை அந்த இடுக்குக்குப் பக்கத்திலேயே திரும்பக் கட்டினேன். நானாகப் புதிதாக எதையும் அந்த இன்ஜினில் வைக்கவில்லை. இதை நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது. வாரத்தில் பாஸ்கல் தனியாகப் போகும்போது வண்டி அலறும், எனக்குப் போன் வரும். ஞாயிறு நான் போய்ப் பானெட்டைத் திறப்பேன், பதக்கம் என் பைக்கு வந்துவிடும். நான் ஏறி உட்காரும் வண்டியில் அப்படி ஒரு பழுதை விட்டுவைக்க முடியுமா? இறங்கி வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்பக் கட்டிவிடுவேன். பாடிப் பக்கமிருந்து மெக்கானிக் முகமது இஸ்மாயிலை வரவழைத்தோம். கார்புரேட்டர் வேலையில் அவரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் கிடையாது, அதனால்தான் அவர் வருகிற அன்றைக்குக் காலையிலேயே பதக்கத்தை எடுத்துவிட்டேன். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி வண்டி நின்றது. அவர் கேபிளை மாற்றினார், ஸ்பிரிங்கை மாற்றினார், கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு போனார். பாவமாக இருந்தது.

இன்னொரு பக்கம், ஆபத்தில் எப்படி நிறுத்துவது என்று பாஸ்கலுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கிளச்சை மிதி, சாவியை அணை, ஓரம் கட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பழக்கினேன். அக்கறை இல்லாதவன் இதைச் செய்வானா?

ஒரு ஞாயிறு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். "நீ கூட இருந்தா ஒயுங்கா ஓடுது மச்சான். நீ இல்லாம இனிமே இத்த எடுக்கவே மாட்டேன்."

என் வாழ்நாளில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தச் சொல்லை அவன் காப்பாற்றியிருந்தால் எந்தப் பிரச்சினையும் வந்திருக்காது. பெங்களூரில் இருக்கிற அவன் மகள் ஸ்டெஃபி, அப்பாவும் அம்மாவும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஈஸ்டர் முடிந்ததும் கிளம்புவதாகப் பேச்சு. காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகப் போவதாகவும், ஞானகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து வருவாள் என்றும் பாஸ்கல் சொன்னான். நான் அவ்வப்போது பெங்களூர் வந்து போகலாமாம். காரில்லாமல் அவன் போக மாட்டான், இந்த நிலைமையில் காரை எடுத்துக்கொண்டும் போக முடியாது. இதைத்தான் நான் நினைத்தேன். அன்று வீடு திரும்பும் முன் நூலை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கமாகக் கட்டினேன். தானாக நழுவி விழாதபடி.

நடந்தது உங்களுக்கு ஓரளவு தெரியும். ஏரிக்கரைச் சாலையில் குப்பம்மாவின் தர்பூசணிக் கடை இருக்கிறது. சிவப்புக் கார் பழக் குவியலுக்குள் புகுந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து, ஒரு மதில் சுவரில் முட்டி நின்றது. நல்ல வேளையாகக் குப்பம்மா டீ குடிக்கப் போயிருந்தது. ரோடு முழுக்கச் சிவப்பாகக் கிடந்ததைப் பார்த்துப் பாதிப் பேர் மயக்கமானார்கள், அத்தனையும் தர்பூசணி. பாஸ்கலுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, இடுப்பெலும்பில் விரிசல். டீக்கடையிலிருந்து ஓடிவந்த குப்பம்மா அவனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுக் கேட்டதாம், "இன்னா நைனா, நிறுத்தத் தெரியாதவனுக்கு எதுக்கு இம்மாம் வேகம்?"

நிறுத்தத் தெரியும். நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிரேக் அந்த வேகத்துக்குப் பிடிக்கவில்லையாம். கிளச்சை மிதித்தானாம், இன்ஜின் போட்ட கூச்சலில் வெடித்துவிடுமோ என்று காலை எடுத்துவிட்டான். சாவியை இடது கையால் அணைக்க வேண்டும். இடது கை சும்மா இல்லை. பக்கத்து இருக்கையில், அதாவது என் இருக்கையில், ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. அதில் நண்டுக் குழம்பு. சிந்திவிடக் கூடாது என்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குழம்பு எனக்குத்தான். பெங்களூர் போகவில்லை, ஆவடியிலேயே இருந்துவிடுகிறோம் என்று மகளிடம் முந்தைய நாள் சொல்லிவிட்டானாம். அந்த நல்ல சேதியை நேரில் வந்து சொல்லி என்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் ஞானகுமாரி அழுதுகொண்டே சொன்னாள். ஒரு போன் செய்திருக்கலாம் இல்லையா? முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் இப்படித்தான் ஆகும். தூக்கு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. யாரோ புண்ணியவான் என் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி சாப்பிட்டேன். உணவை வீணாக்குவதும் பாவம்தானே.

காரைக் காயலான் கடைக்கு இழுத்துப் போகும் முன் பானெட்டை நான்தான் முதலில் திறந்தேன். பதக்கத்தைக் கொண்டுபோய் ஞானகுமாரி கையில் கொடுத்து, இன்ஜினுக்குள் மாதா இருந்ததால்தான் உயிர் தப்பியது என்று சொன்னேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா நாங்க இன்னா பண்ணியிருப்போம் அண்ணா" என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

மனம் வருந்துகிறாயா என்று நீங்கள் கேட்க வேண்டும், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். வருந்துகிறேன், ஃபாதர். இனி எந்தக் காரையும் தொட மாட்டேன் என்று வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன். நான் இங்கே சொல்வதை நீங்கள் வெளியே சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த வசதிக்காக வந்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இப்போது ஒவ்வொரு நாளும் மத்தியானம் அவன் வீட்டில்தான் சாப்பாடு. அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஏரிப் பக்கம் போகிறேன். வாசல் படியிலிருந்து ரோட்டுக்கு இறங்கச் சாய்வுப் பலகை போட்டுக் கொடுத்ததும் நான்தான், கொஞ்சம் செங்குத்தாகிவிட்டது. நான் கூட இருந்தால் அவனுக்குப் பயமில்லையாம். ஆனால் இந்த நிலைமையில் அப்பாவைத் தனியே விட முடியாது என்று ஸ்டெஃபி வருகிற ஞாயிறு வேன் எடுத்துக்கொண்டு வருகிறாள். இந்த முறை பாஸ்கலும் சரி என்று சொல்லிவிட்டான்.

வழித்துணையாக இருக்கட்டும், நாற்காலியில் கட்டிவிடுங்கள் என்று ஞானகுமாரி அந்தப் பதக்கத்தை என்னிடம் கொடுத்திருக்கிறாள். நேற்று முழுக்க அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அதில் ஆக்சிலரேட்டர் கிடையாது, ஃபாதர். பிரேக் மட்டும்தான் இருக்கிறது.